நெட் இருக்கிறதா என்று பைத்தானில் பார்ப்பது எப்படி? விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓட வேண்டும்

மண்டபம்_கோடு:
வணக்கம். மண்டபத்தில் நண்டு, கணவாய் எடை போடும் கொட்டகை ஒன்றுக்கு பைத்தான் மொழியில் மென்பொருள் எழுதுகிறேன். தராசுப் பக்கம் லினக்ஸில் ஓடும் ராஸ்பெரி பை 4 என்னும் சின்னக் கம்ப்யூட்டர், ஆபீஸில் விண்டோஸ். எடை போட்டதும் கணக்கு சர்வருக்குப் போக வேண்டும். பிங் கட்டளையை (இன்னொரு கம்ப்யூட்டர் பதில் தருகிறதா என்று கேட்பது) ஓட்டித்தான் நெட் இருக்கிறதா என்று பார்க்கிறேன். விண்டோஸில் சரியாக வருகிறது, ராஸ்பெரி பையில் போட்டால் முடியவே மாட்டேன் என்கிறது. காற்றடித்தால் டவர் விட்டுவிட்டு வரும் இடம், படகு வந்ததும் சீட்டு வாங்க எல்லோரும் ஒரே நேரத்தில் நிற்பார்கள், அப்போது திரை அசையாமல் நின்றால் நோட்டில் எழுதப் போய்விடுவார்கள். வழி சொல்லுங்கள்.

தொண்டிக்காரன்:
தம்பி, விண்டோஸ் பிங் 4 முறை அனுப்பிவிட்டுத் தானே நிற்கும், லினக்ஸ் பிங் நீங்கள் நிறுத்தும் வரை போய்க்கொண்டே இருக்கும். எண்ணிக்கை சொல்ல விண்டோஸில் -n, லினக்ஸிலும் மேக்கிலும் -c. காத்திருக்கும் நேரம் இன்னும் மோசம்: விண்டோஸில் மில்லிசெகண்ட், லினக்ஸில் செகண்ட். அங்கே போட்ட 1000-ஐ இங்கே போட்டால் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். பல ஆபீஸ் நெட்வொர்க்கில் பிங்கையே அடைத்து வைத்திருப்பார்கள். பிங்கை விட்டுவிடுங்கள். சாக்கெட் (நிரலிலிருந்து நேராக ஒரு நெட் இணைப்பு) திறந்து, கூகுள், கிளவுட்ஃப்ளேர் நிறுவனங்களின் சர்வர் முகவரிகளான 8.8.8.8 அல்லது 1.1.1.1-இன் 53-ஆம் போர்ட்டுக்கு (சர்வரின் வாசல் எண்) 3 செகண்ட் டைம்அவுட்டோடு (அதற்கு மேல் காத்திருக்காமல்) இணைத்துப் பாருங்கள், எல்லா சிஸ்டத்திலும் ஒரே நிரல். தளத்தின் பெயரைக் கொடுக்காமல் எண்ணைக் கொடுங்கள், ஏனென்றால் பெயர் தேடும் நேரத்துக்கு பைத்தான் சாக்கெட்டின் டைம்அவுட் பொருந்தாது.

தங்கச்சிமடம்_டெவ்:
அதுவும் போதாது அண்ணே. ராமேஸ்வரம் லாட்ஜ் வைஃபையில் லாகின் பக்கம் வரும் இல்லையா, அங்கே எதைக் கேட்டாலும் அந்தப் பக்கத்தையே திருப்பித் தரும். தனுஷ்கோடிப் பக்கம் போனால் போன் இலங்கை டவரைப் பிடிக்கும், சிக்னல் கோடு முழுதாக நிற்கும், ரோமிங் இல்லாததால் டேட்டா ஒரு துளியும் வராது. அதனால்தான் ஆண்ட்ராய்டு கூகுளின் ஒரு முகவரியைக் கேட்டு 204 (சரி, ஆனால் உள்ளே எதுவும் இல்லை என்னும் பதில் எண்) வருகிறதா என்று பார்க்கிறது, விண்டோஸ் ஒரு சின்னக் கோப்பைக் கேட்டு உள்ளே 'மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்' என்று இருக்கிறதா என்று பார்க்கிறது. உங்கள் சர்வரிலேயே அப்படி ஒரு பக்கம் வையுங்கள், உங்களுக்கு வேண்டியது அந்த சர்வர்தானே.

கீழக்கரை_98:
நான் இதில் உறுதியாக இருக்கிறேன்: அனுப்புவதற்கு முன் நெட் பார்க்கவே வேண்டாம். பார்த்த நொடியில் இருந்த நெட், அனுப்பும் நொடியில் போயிருக்கும். எடை போட்டதும் முதலில் எஸ்க்யூலைட்டில் (அந்தக் கம்ப்யூட்டரிலேயே இருக்கும் சின்னத் தரவுத்தளம்) எழுதுங்கள், சீட்டைக் கொடுங்கள். இன்னொரு திரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை) பின்னால் இருந்து அனுப்பட்டும், சர்வர் 'வந்தது' என்று சொன்ன பிறகே அந்த வரியை முடிந்ததாகக் குறிக்கட்டும். தோற்றால் 2, 4, 8 செகண்ட் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு எடைக்கும் ஒரு யுயுஐடி (வேறு எதற்கும் வராத அடையாள எண்) கட்டாயம். சர்வருக்குப் போய்ச் சேர்ந்து பதில் மட்டும் வழியில் தொலைந்தால், நிரல் மறுபடி அனுப்பும். அடையாளம் இல்லையென்றால் ஒரே கூடை இரண்டு முறை கணக்கில் ஏறும். கடலுக்குப் போய் வந்தவர் காசு அது, கணக்கு பிசகவே கூடாது. திரையில் பச்சை, சிவப்பு காட்டத்தான் மேலே சொன்ன சோதனை.

மண்டபம்_கோடு:
மிக்க நன்றி, சேமித்துவிட்டு அனுப்பும் முறைக்கே மாற்றுகிறேன். ஒரு சந்தேகம், கரண்ட் போய் வந்தால் நெட் வரும் வரை ராஸ்பெரி பையில் நேரம் தப்பாக இருக்கிறதே?

கீழக்கரை_98:
பை 4-இல் பேட்டரிக் கடிகாரம் கிடையாது, நேரத்தை நெட்டில்தான் வாங்கும். டிஎஸ்3231 என்னும் பேட்டரிக் கடிகார மாட்யூல் ஒன்று வாங்கி மாட்டுங்கள். அப்புறம் ஒவ்வொரு வரிக்கும் ஏறுவரிசை எண்ணும் போடுங்கள், நேரம் பிசகினாலும் எது முதலில் வந்த கூடை என்பது மாறாது.