பிலிப்பைன்ஸ்ல இவ்ளோ பக்தி இருந்தும் ஊழல் ஏன் குறையல?

கப்பல்காரன்87:
மெர்ச்சன்ட் நேவில இருக்கேன், எங்க கப்பல்ல க்ரூ பாதிக்கு மேல பிலிப்பினோஸ்தான். தங்கமான பசங்க, கேபின்ல சாண்டோ நினோ (குழந்தை இயேசு) சிலை, ஞாயித்துக்கிழமை மெஸ்ல சேந்து ஜெபமாலை, டிசம்பர் 16 வந்துட்டா சிம்பாங் காபின்னு ஒன்பது நாள் பூசைய போன்லயாவது பாத்துடுவாங்க. அதே பசங்க ஊர்ப்பேச்சு எடுத்தா மேயர் திருடன், கவர்னர் அவன் மச்சான், ரோடு போட்ட காசு காணோம்னு புலம்புறாங்க. 2020 சென்சஸ்படி 100க்கு 79 பேர் கத்தோலிக்கர், ஆனா ட்ரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் ஊழல் லிஸ்ட்ல 2024ல 100க்கு 33 மார்க்தான் (100ன்னா ஊழலே இல்ல). மதம் அந்த நாட்ட முன்னேற விடாம புடிச்சு வெக்குதா, இல்ல அது இல்லன்னா இன்னும் மோசமா போயிருக்குமா? சண்டை போடாம சொல்லுங்க.

ரெண்டுகாசு:
புடிச்சுதான் வெச்சிருக்கு, இதுல என்ன சந்தேகம். குடும்பக்கட்டுப்பாடு சட்டத்த சர்ச் எதிர்த்து வருஷக்கணக்குல இழுத்தடிச்சு 2012 டிசம்பர்லதான் கையெழுத்தாச்சு, அப்புறமும் கோர்ட்டுக்கு போய் தடை வாங்கி 2014 ஏப்ரல்லதான் செல்லும்னு தீர்ப்பு வந்துச்சு. மனிலால அதுக்கு முன்னாடி 2000ல ஒரு மேயர் உத்தரவு போட்டு, அரசு க்ளினிக்ல மாத்திரை, காண்டம் எதுவும் கெடைக்காம பண்ணிட்டாரு. காசு இருக்கவங்க மெடிக்கல்ல வாங்கிப்பாங்க, மாட்டுனது சேரிப் பொம்பளைங்க. விவாகரத்தும் அப்டித்தான், வாட்டிகன விட்டா சட்டம் இல்லாத நாடு இது ஒண்ணுதான், முஸ்லிம்களுக்கு மட்டும் 1977ல இருந்து உண்டு. 2024 மே மாசம் கீழ்சபை பாஸ் பண்ணுச்சு, செனட்ல போய் படுத்துக்கிச்சு.

தவாவ்_டாக்டர்:
நான் எம்பிபிஎஸ் படிச்சது தவாவ்ல, நம்ம ஊர் பசங்க நெறைய பேர் அங்க உண்டு. சர்ச் சொன்னா ஜனம் அப்டியே கேக்கும்னு வெளிய இருந்து தோணும், ஓட்டு விஷயத்துல அதெல்லாம் இல்ல. டுடெர்டே அந்த ஊர் மேயரா இருந்து ஜனாதிபதி ஆனவரு, 2018ல மேடையிலயே கடவுள முட்டாள்னு திட்டினாரு, போதை வேட்டைன்னு ஏழைங்கள சுட்டுத் தள்றத எதிர்த்து பிஷப்புங்க ராத்திரி கோயில் மணி அடிக்க வெச்சாங்க, அவ்ளோ நடந்தும் 2019 செனட் எலக்‌ஷன்ல எதிர்க்கட்சி அணில ஒருத்தர் கூட ஜெயிக்கல. 2022 ஜனாதிபதி தேர்தல்ல எத்தனையோ சாமியாருங்க வெளிப்படையா லெனி ரொப்ரேடோ பக்கம் நின்னாங்க, ஜெயிச்சது பழைய சர்வாதிகாரி மார்கோஸோட மகன். மொத்தமா ஒரே ஆளுக்கு ஓட்டு போடுறது இக்லேசியா நி கிறிஸ்டோ, அது கத்தோலிக்கம் இல்ல, 1914ல ஆரம்பிச்ச உள்ளூர் சபை, ஆள் கம்மிதான், ஆனா எலக்‌ஷன் வந்தா தலைவருங்க எல்லாம் அவங்க வாசல்ல.

அதுக்காக 1986ஐ மறக்க முடியுமா? மனிலா பேராயர் கார்டினல் சின் சர்ச் ரேடியோ வெரிதாஸ்ல கூப்டாரு, மனிலா எட்சா ரோடு பூரா ஜனம், டாங்க் முன்னாடி ஜெபமாலையோட கன்னியாஸ்திரிங்க, நாலு நாள்ல மார்கோஸ் நாட்ட விட்டே போயிட்டாரு. ஆனா எனக்கு அத விட பெருசா தெரியறது பிபிசிஆர்வி, சர்ச்சோட தேர்தல் கண்காணிப்பு அமைப்பு. 1991ல ஆரம்பிச்சது, ஒவ்வொரு பங்குக் கோயில்லயும் வாலன்டியர் சேத்து பூத்ல காவல் இருக்கறது. சம்பளம் இல்ல, பிரியாணி பொட்டலமும் இல்ல (ஹிஹி), ரிட்டயர்ட் டீச்சர் ஆன்ட்டிங்க விடிகாலைல வந்து நிப்பாங்க. மண்டி போடுறதால மட்டும் பொறுப்பு வந்துடாது, கோயில் ஒரு வேலைய கையில குடுத்தா வருது.

அரைடிக்கெட்:
எல்லாரும் ஸ்பெயின் காலத்த விட்டுட்டீங்களே. 300 வருஷத்துக்கு மேல கிராமத்துல கவர்மென்ட்னாலே பாதிரியார்தான், நல்ல நிலமெல்லாம் துறவி சபைங்க கையில, அவங்க தேசிய வீரர் ரிஸால் குடும்பமே கலம்பால டொமினிக்கன் சபை நிலத்துல குத்தகைக்கு இருந்து தகராறுல வெளிய துரத்தப்பட்டவங்க. ஸ்பெயினுக்கு அப்புறம் ஆண்ட அமெரிக்காக்காரன் 1903ல அந்த சபை நிலத்துல சுமார் 1,66,000 ஹெக்டேர வெலைக்கு வாங்கினான், குத்தகைக்காரங்களுக்கு குடுக்கறோம்னு பேச்சு, நல்ல பங்கு போய் சேந்தது வசதியான குடும்பங்களுக்கு. இன்னிக்கி அப்பன் மேயர் மக கவர்னர்னு ஓடுறதுக்கு வேர் இந்த நிலத்துலயும் இருக்கு. 1987 சாசனத்துல குடும்ப அரசியல் கூடாதுன்னு எழுதியே இருக்கு, ஆனா அத சட்டம்தான் வரையறுக்கணும்னு ஒரு வால், அந்த சட்டத்த எழுத வேண்டியவங்களே அந்த குடும்பங்கதான். கருவுல இருக்க உயிர காக்கணும்னும் அதே சாசனத்துல இருக்கு, அதுக்கு பிஷப்புங்க காட்டின வேகத்துல பாதிய இதுக்கு காட்டலயே, அதான் என் கோவம்.

ரெண்டுகாசு:
எப்டி காட்டுவாங்க? 2011ல அரசு லாட்டரி நிறுவனத்து காசுல சில பிஷப்புங்களுக்கு வண்டி போனது செனட் வரைக்கும் நாறுச்சே, திருப்பி குடுத்தாங்க, அது வேற.

கப்பல்காரன்87:
நன்றி மக்களே. எங்க பம்ப்மேன் புலாக்கான்காரன், வெள்ளத்தடுப்புன்னு கணக்கு காட்டி கட்டாமலே காசு அடிச்சாங்கன்னு 2025ல வெடிச்சுதே, அந்த ஏரியா. செப்டம்பர் 21 எட்சா பேரணிக்கு அவன் தங்கச்சி பங்கு ஆளுங்களோட போயிருக்கா. சரி உங்க மேயருக்கு அடுத்த தடவ ஓட்டு போடுவியான்னு கேட்டேன். போடாம எப்டி சார், என் கல்யாணத்துக்கு நினோங்கா நின்னவரு அவர்தான்ங்கறான். ஞானத்தகப்பன் மாதிரியாம், கல்யாணம், ஞானஸ்நானம் எல்லாத்துக்கும் அரசியல்வாதிய கூப்டு கோயில்ல நிக்க வெப்பாங்களாம், அப்புறம் ஆஸ்பத்திரி செலவுக்கும் வேலைக்கும் அவர்கிட்டதான் போவாங்களாம்.