பென் டிரைவில் தொற்றும் ஷார்ட்கட் வைரஸ்: உங்கள் அனுபவம் என்ன?

கம்ப்யூட்டர் சர்வீஸ், விருதுநகர்

காலேஜ்களில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்கும் சமயம் வந்துவிட்டால் எங்கள் கடைக்கு ஒரே மாதிரி கேஸ்தான் வரும். "அண்ணே, பென் டிரைவ்ல இருந்ததெல்லாம் ஷார்ட்கட்டா மாறிடுச்சு." 2013, 2014 வாக்கில் இது அன்றாடச் சங்கதி. இப்போது குறைந்திருக்கிறது, ஆனால் நின்றபாடில்லை.

அப்படி வந்த ஒரு மாணவியைச் சொல்கிறேன். ஜெராக்ஸ் கடையில் செருகி எடுத்த பென் டிரைவ். "எல்லாம் போச்சும்மா, ஃபார்மட் பண்ணிட்டு வேற காப்பி கொண்டு வா" என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண் ஒத்துக்கொள்ளாமல் எங்களிடம் எடுத்து வந்தார். நல்ல காரியம் செய்தார். இந்த வைரஸுக்கு ஃபார்மட் போடச் சொல்வதைப்போல ஒரு கெடுதல் கிடையாது. ஃபைல்கள் எங்கும் போகவில்லை, உள்ளேயேதான் இருக்கின்றன. அவற்றை 'ஹிட்டன்', 'சிஸ்டம்' என்று குறித்துக் கண்ணில் படாமல் செய்துவிட்டு, ஒவ்வொன்றின் பெயரிலும் ஒரு ஷார்ட்கட்டை வைரஸ் போட்டு வைத்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் டிரைவின் ப்ராப்பர்ட்டீஸைப் பாருங்கள். 3 ஜிபி நிரம்பியிருப்பதாகக் காட்டும். திறந்தால் உள்ளே 1 கேபி, 2 கேபி ஷார்ட்கட்டுகள் மட்டும் கிடக்கும்.

அந்த ஷார்ட்கட் ஒன்றை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து காட்டினேன். 'டார்கெட்' கட்டத்தில் ஃபோல்டரின் முகவரிக்குப் பதிலாக நீளமாக ஒரு கட்டளை. முதலில் சிஎம்டி (கட்டளைகளை ஓட்டும் விண்டோஸ் ப்ரோக்ராம்), அடுத்து ஒரு விபிஎஸ் ஸ்கிரிப்ட் (வைரஸின் கட்டளைகள் எழுதிய ஃபைல்), கடைசியில் ஃபோல்டரைத் திறக்கும் எக்ஸ்ப்ளோரரும் நிஜ ஃபோல்டரின் பெயரும். அதாவது டபுள் கிளிக் செய்ததும் ஸ்கிரிப்டும் ஓடும், நம் ஃபோல்டரும் திறக்கும். எதிர்பார்த்த ஃபோல்டர் திறந்துவிட்டதால் யாருக்கும் சந்தேகமே வராது. அதற்குள் ஸ்கிரிப்ட் தன்னைக் கம்ப்யூட்டருக்குள் காப்பி செய்துகொண்டு, அடுத்து செருகப்படும் டிரைவுக்காகக் காத்திருக்கும். ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் பென் டிரைவைச் செருகுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஊர் முழுக்கப் பரவ அது ஒன்று போதும்.

சுத்தம் செய்வதில் வரிசை முக்கியம். பென் டிரைவை மட்டும் சுத்தம் செய்து பலனில்லை. ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் ஷார்ட்கட்டுகளை அழித்தால் கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்து நிற்கும். முதலில் டாஸ்க் மேனேஜரில், விபிஎஸ் ஸ்கிரிப்டை ஓட்டும் 'டபிள்யூஸ்கிரிப்ட்' ஓடுகிறதா என்று பார்த்து நிறுத்த வேண்டும். அப்புறம் ஸ்டார்ட்அப் ஃபோல்டர், டெம்ப், ஆப்டேட்டா ஆகிய இடங்களில் உள்ள விபிஎஸ் ஃபைல், ரெஜிஸ்ட்ரியின் (விண்டோஸின் செட்டிங்ஸ் பதிவேடு) 'ரன்' பகுதியில் அதை அழைக்கும் வரி, எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். ஆன்டிவைரஸ் கொண்டு முழு ஸ்கேனும் ஓட்டிவிடுங்கள். பென் டிரைவ் கடைசியில்தான். அதில் ஷார்ட்கட்டுகளையும் ஸ்கிரிப்டையும் அழித்துவிட்டு, 'அட்ரிப்' கட்டளையால் மறைந்த ஃபைல்களை வெளியே கொண்டுவர வேண்டும். மாணவியின் ரிப்போர்ட் ஒரு பக்கம் குறையாமல் கிடைத்தது.

அரசுப் பள்ளி ஆசிரியர், கம்ப்யூட்டர் லேப் பொறுப்பு

நான் பார்த்தது இதற்கு முந்தைய தலைமுறை. 2009இல் எங்கள் லேப் முழுக்க விண்டோஸ் எக்ஸ்பி. சினிமா தளங்கள் எல்லாம் திறக்கும், ஆன்டிவைரஸ் கம்பெனிகளின் தளங்களும் மைக்ரோசாஃப்ட் தளமும் மட்டும் திறக்காது. நெட் கனெக்ஷனில்தான் கோளாறு என்று முதலில் எல்லோரும் சொன்னார்கள். அது கான்ஃபிக்கர் என்ற வைரஸின் வேலை.

கான்ஃபிக்கர் நுழையும் ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை (விண்டோஸுக்கான திருத்தம்) மைக்ரோசாஃப்ட் 2008 அக்டோபரிலேயே வெளியிட்டிருந்தது. அந்த நவம்பரில் கான்ஃபிக்கர் கிளம்பியது. டிசம்பரில் வந்த அடுத்த வடிவம்தான் பென் டிரைவிலும் ஏறிக்கொண்டது. டிரைவைச் செருகியதும் எது ஓட வேண்டும் என்று சொல்லும் ஒரு ஆட்டோரன் ஃபைலையும், 'ரீசைக்ளர்' என்ற ஃபோல்டருக்குள் தன்னையும் வைத்துக்கொள்ளும். செருகியதும் வரும் ஆட்டோபிளே பெட்டியில் 'ஃபோல்டரைத் திறந்து ஃபைல்களைப் பார்' என்ற வரி இரண்டு இடத்தில் இருக்கும். இரண்டுக்கும் ஃபோல்டர் படம். மேலே இருப்பது வைரஸ், கீழே இருப்பதுதான் விண்டோஸ் காட்டுவது. மேலே இருப்பதைத்தானே கை முதலில் தேடிப் போகும்!

அது நெட்வொர்க் வழியாகவும் பரவும், எளிய பாஸ்வேர்டுகளை ஊகித்துப் போட்டுப் பார்க்கும். ஆகவே எல்லா கேபிளையும் பிடுங்கிவிட்டு, பேட்ச்சையும் நீக்கும் டூலையும் வெளியே ஒரு நல்ல கம்ப்யூட்டரில் இறக்கி, சிடியில் எழுதிக் கொண்டுவந்தோம். எழுதி முடித்த சிடியில் வைரஸால் ஏற முடியாது. ஒவ்வொரு கம்ப்யூட்டராக முடித்த பிறகே கேபிளை மாட்டினோம். மாணவர்களிடம் "தம்பி, செருகினதும் எதையும் அமுக்காதே, முதல்ல ஸ்கேன்" என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். பென் டிரைவைச் செருகியதும் தானாக ஓடும் வசதியை விண்டோஸ் 7இல் எடுத்துவிட்டார்கள். எக்ஸ்பி, விஸ்டாவுக்கு 2011 பிப்ரவரியில்தான் அந்த மாற்றம் வழக்கமான அப்டேட்டோடு வந்தது. இன்னும் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது.

கல்யாண போட்டோகிராஃபர்

கேமரா கார்டுக்கும் இதே தொல்லை உண்டு. ஆல்பம் போடும் இடத்துக்குக் கார்டை அனுப்பும்போது அதன் ஓரத்தில் உள்ள குட்டி லாக்கைக் கீழே தள்ளிவிட்டுக் கொடுங்கள். படத்தைப் பார்க்கலாம், காப்பி எடுக்கலாம், பெரும்பாலான கார்டு ரீடர்களில் கார்டில் எதையும் எழுத முடியாது. பென் டிரைவிலும் சிலவற்றில் லாக் உண்டு, தேடி வாங்கலாம்.

ஐடி சப்போர்ட், சென்னை

இது பழைய கதை என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். 2025 ஜனவரியில், கோர்ட் அனுமதியோடு அமெரிக்காவில் 4,258 கம்ப்யூட்டர்களில் இருந்து எஃப்பிஐ ஒரு வைரஸை நீக்கியதாக அறிவித்தார்கள். பிளக்எக்ஸ் என்று பெயர், யுஎஸ்பி வழியாகப் பரவும் வகை. இந்த வகையில் ஷார்ட்கட்டுகள் வரிசையாக இருக்காது. டிரைவைத் திறந்தால் அதே டிரைவின் பெயரில் ஒரே ஒரு ஷார்ட்கட் தெரியும். நம் ஃபைல்கள் பெயரே இல்லாததுபோல் தெரியும் ஒரு மறைந்த ஃபோல்டருக்குள் இருக்கும். டிரைவுக்குள் அதே டிரைவ் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

பேங்க் பரீட்சைக்குப் படிப்பவர்

சார், விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸ் ஏதோ பிடித்ததாகச் சொன்னது. ஷார்ட்கட்டும் போய்விட்டது, என் நோட்ஸும் காணோம். ஆன்டிவைரஸே அழித்துவிட்டதா? அட்ரிப் போட்டேன், 'நாட் ரீசெட்டிங் சிஸ்டம் ஃபைல்' என்று வருகிறது.

கம்ப்யூட்டர் சர்வீஸ், விருதுநகர்

அழிக்கவில்லை தம்பி, பயப்படாதீங்க. டிஃபெண்டர் வைரஸை எடுத்துவிட்டது, மறைத்த ஃபைல்களை வெளியே கொண்டுவரவில்லை. நீங்கள் ஹிட்டன் குறியை எடுக்கும் மைனஸ் எச் மட்டும் கொடுத்திருப்பீர்கள், சிஸ்டம் குறி அப்படியே இருக்கும். சிஸ்டம் குறியை எடுக்கும் மைனஸ் எஸ், மைனஸ் எச் இரண்டையும் ஒரே கட்டளையில் சேர்த்துக் கொடுங்கள். உள் ஃபோல்டர்களுக்கும் சேர வேண்டும் என்பதால் கடைசியில் ஸ்லாஷ் எஸ், ஸ்லாஷ் டி போடுங்கள். என்டர் தட்டும் முன் டிரைவ் எழுத்தை ஒரு தடவை சரிபாருங்கள். பென் டிரைவுக்குப் பதில் சி டிரைவில் ஓட்டிவிட்டால் விண்டோஸின் சிஸ்டம் ஃபைல்களெல்லாம் வெளியே வந்துவிடும். முடிந்ததும் நோட்ஸை முதலில் வேறு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். அப்புறம் வேண்டுமானால் டிரைவை ஃபார்மட் செய்யலாம்.