தத்தெடுத்த நாய் கட்டிலடியை விட்டு வெளியே வர மறுக்கிறாள், என்ன செய்வது?

கேள்வி:
காப்பகத்திலிருந்து கூட்டிவந்து இன்றோடு நான்கு நாள். வயது இரண்டு இருக்கும் என்றார்கள். வந்ததும் கட்டிலுக்கு அடியில் சுவரோடு ஒட்டிப் படுத்தவள்தான். நாங்கள் இருந்தால் சாப்பாட்டைத் தொடுவதில்லை; விடிந்து பார்த்தால் தட்டு காலி. ராத்திரியில் கூடத்து மூலையில் சிறுநீர் போய்விடுகிறாள். நேற்று கழுத்துப்பட்டையைப் பிடித்து மெல்ல இழுத்தேன், உறுமிவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்னைப் பிடிக்கவில்லையா?

பதில்:
அது பயம், வேறொன்றுமில்லை. உறுமியதற்காகத் திட்டிவிடாதீர்கள். கிட்ட வராதே என்று சொல்ல அவளுக்குத் தெரிந்த வழி அது. அதற்கும் தண்டனை என்றால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கக்கூடும். நேற்று உறுமுவதற்கு முன்னாலேயே உதட்டை நக்கியிருப்பாள், தூக்கம் இல்லாமலே கொட்டாவி விட்டிருப்பாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்திருப்பாள். இதில் எது தெரிந்தாலும் கையை எடுத்துவிடுங்கள்.

கட்டிலடி இப்போதைக்கு அவள் இடம். தினமும் கொஞ்ச நேரம் அவளுக்குப் பக்கவாட்டாகத் தரையில் உட்கார்ந்து ஏதாவது படியுங்கள். கண்ணைப் பார்க்க வேண்டாம். அவ்வப்போது ஒரு துண்டு இறைச்சியை அவள் பக்கம் போடுங்கள், அவ்வளவுதான். பதற்றம் அடங்க 3 நாள், வழக்கம் பிடிபட 3 வாரம், நம் வீடு என்று தோன்ற 3 மாதம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நாய்க்கு நாய் மாறும். என்னுடையவன் வாலாட்டவே இரண்டு மாதம் ஆனது.

இன்னொரு பதில்:
வாசல் கதவில் கவனம். பயந்த நாய் இடுக்கில் நழுவி ஓடிவிடும், கூப்பிட்டால் திரும்பி வராது. கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொள்ளவும் செய்யும். அளவான ஹார்னஸ் (நெஞ்சைச் சுற்றி மாட்டும் பட்டை) வாங்குங்கள். அவள் சிறுநீர் போகும் அந்த மூலையை என்சைம் கிளீனர் (சிறுநீர்க் கறையைச் சிதைக்கும் திரவம்) போட்டுத் துடைத்தால்தான் வாடை போகும். குளியல், விருந்தாளிகள் எல்லாம் அப்புறம். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ, வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர், ஆறு நாள் கழித்து:
நேற்று படித்துக்கொண்டிருந்தபோது தரையில் நகம் உரசும் சத்தம். நான் திரும்பவில்லை. முழங்கையில் ஈரமாக மூக்கு பட்டது, உடனே உள்ளே ஓடிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்து, என் காலடியிலேயே இறைச்சியைத் தின்றாள்! இனி தடவிக்கொடுக்கலாமா?

முதல் பதில் எழுதியவர்:
படிக்கும்போதே சந்தோஷமாக இருக்கிறது. அவளாக வந்து பக்கத்தில் நின்றால் மட்டும், தலைக்கு மேல் கையைக் கொண்டுபோகாமல், நெஞ்சுப் பக்கம் இரண்டு மூன்று விநாடி வருடிவிட்டு நிறுத்துங்கள். சாய்ந்து நெருங்கினால் தொடருங்கள். நகர்ந்தால் விட்டுவிடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம்.