அனுபவப் பகிர்வு: ரோனா கப்பல் மூழ்கிய மாலையில் உங்களை விடாமல் உறுத்துவது எது?

நங்கூரம்:
ரஜூலா கப்பலை நாகப்பட்டினத்தில் தெரியாதவர் இல்லை. அதன் ஜோடி ரோனாவைத்தான் மறந்துவிட்டோம். இரண்டுமே 1926இல் கட்டியவை. ரோனா 8,602 டன், பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியுடையது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே டெக் பயணிகளை (அறையில்லாமல் மேல்தளத்தில் போகிறவர்களை) ஏற்றிக்கொண்டிருந்தது, 1940இல் துருப்புக் கப்பலானது. 1943 நவம்பர் 26 அன்று மத்தியதரைக் கடலில், ஜெர்மன் விமானம் ஏவிய குண்டில் மூழ்கியது. அல்ஜீரியாவின் ஓரான் துறைமுகத்தில் கேஎம்எஃப்-26 என்ற கான்வாயில் (காவலோடு கூட்டமாகப் போகும் கப்பல்களில்) சேர்ந்திருந்தது; உள்ளே இந்தியா-பர்மா போர்க்களத்துக்குப் போகும் சுமார் 2,000 அமெரிக்க வீரர்கள்.

என்னை உறுத்துவது அந்த ஹென்ஷல் 293 குண்டு வந்த விதம். அது தானாக விழவில்லை. விமானத்தில் உட்கார்ந்த ஒருவன், குண்டின் வாலில் எரிந்த சுடரைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே, சின்னக் கைப்பிடியால் ரேடியோ வழியாகத் திருப்பிக் கொண்டுவந்தான். இடப்பக்கம், எஞ்சின் அறையருகே அடித்தது. மின்சாரமும் பம்புகளும் அப்போதே போய்விட்டன.

கப்பி:
எனக்குப் படகுகள். 22 இருந்தும் இறங்கியது எட்டுதான், அதிலும் பெரும்பாலானவை தண்ணீர் புகுந்தோ கவிழ்ந்தோ போயின. படகின் இரு முனையிலும் வடம் ஒரே வேகத்தில் இறங்க வேண்டும். ஒரு கப்பி துருவிலோ, மேலே மேலே அடித்த பெயின்டிலோ இறுகிக்கொண்டால் மறுமுனை மட்டும் இறங்கும், படகு செங்குத்தாகத் தொங்கும், உள்ளே இருப்பவர்கள் கொட்டிப்போவார்கள். கப்பலூழியர்கள் மாதம் ஒருமுறை கிரீஸ் போட்டு இறக்கிப் பார்த்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது.

ஆழி:
கப்பி அண்ணே, பழியை அப்படியே ஊழியர்கள் தலையில் போடாதீர்கள். குண்டு வெடித்து இடப்பக்கத் தகடுகள் வெளிப்பக்கமாகப் பிதுங்கி நின்றன. அந்தப் பக்கம் படகு வழுக்கிக்கொண்டு இறங்க வழி ஏது? கிரீஸ் போட்டிருந்தாலும் அங்கே மாட்டியிருக்கும். செத்தவர்கள் 1,138 பேர். அதில் அமெரிக்க வீரர்கள் 1,015. மீதி நூற்றுச் சொச்சத்தில் பெரும்பாலோர் லஸ்கர்கள், அதாவது கப்பலில் வேலை செய்த இந்திய மாலுமிகள். அவர்களும் அதே தண்ணீரில்தான் போனார்கள்.

மிதவை:
எனக்கு அந்த லைஃப் பெல்ட். அழுத்தினால் கார்பன்-டை-ஆக்சைடு குப்பி உடைந்து காற்றடையும் இடுப்புப் பட்டை. கனத்த உடுப்புக்கு மேல் இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்தவர்களில் பலர் தலைகீழாகவே மிதந்தார்கள். மிதப்பு இடுப்பில், பாரம் நெஞ்சிலும் தலையிலும். புரண்டுவிடும்.

படகில் போகும் தம்பிமார் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட பட்டையை அக்குளுக்கு நேரே, இறுக்கமாகக் கட்டுங்கள். கனமான கோட்டு, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாவற்றையும் முதலில் கழற்றுங்கள். காற்றடைத்த பிறகு உயரத்திலிருந்து குதிக்காதீர்கள், பட்டை மேலே எகிறித் தாடையில் அடிக்கும். கயிற்றிலோ வலையிலோ இறங்கி, தண்ணீரைத் தொட்டபின் அழுத்துங்கள். குப்பியின் மேலேயே அதன் எடை பொறித்திருக்கும். வருடம் ஒருமுறை தராசில் வையுங்கள், குறைந்திருந்தால் வாயு கசிந்துவிட்டது, மாற்றிவிடுங்கள். வாயால் ஊதும் குழாயில் ஊதி ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள், காலையில் தொய்ந்திருந்தால் அது வேண்டாம். வாங்குவதாக இருந்தால் கழுத்துக்குப் பின்னாலும் மிதவை உள்ள ஜாக்கெட்டாக, கால் இடுக்கில் வார் உள்ளதாக வாங்குங்கள். வார் இல்லாவிட்டால் ஜாக்கெட் மேலேறும், முகம் உள்ளே போகும்.

ஆழி:
நல்ல தகவல்தான் ஐயா, ஆனால் அன்றைக்கு இதையெல்லாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க யார் இருந்தார்கள்?

கலங்கரை:
எனக்கு பயனியர். அமெரிக்காவின் கண்ணிவாரிக் கப்பல் (கடலில் கண்ணிவெடிகளை அகற்றுவது), ரோனாவுக்குப் பக்கத்தில் சிறு படகு மாதிரி. இருட்டிவிட்டது, அலை பெரிது. கப்பல் ஒரு பக்கம் சாயும்போது தண்ணீரில் கிடப்பவன் கைக்கெட்டும் தூரத்தில் வருவான், மறுபக்கம் சாய்ந்தால் அதே கப்பல் அவன் மேல் இறங்கும். அந்த இடைவெளியில் கயிற்றை வீசி, விளிம்பில் தொங்கி, ஆள் ஆளாக இழுத்தார்கள். 606 பேர். நனைந்து விறைத்த கைகளால் கயிற்றைப் பிடிக்க முடியாதவர்களை இடுப்பில் முடிச்சுப் போட்டுத் தூக்கினார்கள்.

நங்கூரம்:
செத்த அமெரிக்க வீரர்களின் வீட்டுக்குப் போனதென்னவோ 'காணவில்லை' என்ற தந்திதான். அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானம் போட்டு இவர்களை நினைவுகூர்ந்தது 2000இல். ரஜூலா போரில் தப்பி, 1973 வரை சென்னை, நாகை, பினாங்கு என்று ஓடிக்கொண்டிருந்தது.