மும்பையில் ஐந்து நாள்: முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் எந்தப் பகுதியில் தங்குவது?

கோவைவாசி:

அனைவருக்கும் வணக்கம். மகளின் அரையாண்டு விடுமுறையையொட்டி, டிசம்பர் கடைசி வாரத்தில் நாங்கள் நால்வர் மும்பை செல்லவிருக்கிறோம். என் தாயாருக்கு 68 வயது. முழங்கால் தேய்மானம் இருப்பதால் பத்துப் பதினைந்து படிகளுக்கு மேல் ஏறினால் உட்கார்ந்துவிடுவார். மகளுக்குப் பத்து வயது. கோவையிலிருந்து ரயிலில் சென்று குர்லாவிலுள்ள லோகமான்ய திலக் முனையத்தில் இறங்குகிறோம்; திரும்புவது காலை 6 மணி விமானத்தில்.

அம்மாவுக்குச் சித்திவிநாயகரையும் மகாலட்சுமியையும் தரிசிக்க வேண்டும். மகளுக்குக் கேட்வே ஆஃப் இந்தியா, கடல், எலிஃபெண்டா தீவுக் குகைகள். மனைவிக்கு அருங்காட்சியகம். அறைக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வரை கொடுக்க முடியும். இதே தொகைக்கு அந்தேரி கிழக்கில், விமான நிலையத்துக்கு அருகில், காலை உணவுடன் விசாலமான புது அறை கிடைக்கிறது. தெற்கு மும்பையின் ஃபோர்ட், கொலாபா பகுதிகளில் பழைய கட்டடத்தில் சிறிய அறைதான் கிடைக்கிறது. உறவினர் ஒருவர், நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்கும் என்பதால் மாட்டுங்காவில் தங்கச் சொல்கிறார். மூன்றில் எது சரி என்று முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறேன். அங்கே வசிப்பவர்களும் அண்மையில் சென்று வந்தவர்களும் சொன்னால் உதவியாக இருக்கும்.

செம்பூர்க்காரன்:

22 ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன். ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கு அறை பார்த்துக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் குடும்பத்துக்கு ஃபோர்ட் பகுதிதான் ஏற்றது. அதாவது சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்துக்கும் (இன்றும் பலர் வி.டி. என்றே அழைக்கும் ரயில் நிலையம்) கேட்வேக்கும் இடைப்பட்ட பகுதி.

அறையை இரவுத் தூக்கத்துக்கு மட்டும் என்று எண்ணித்தான் பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கிறார்கள். முழங்கால் வலியுள்ள பெரியவர் உடன் வரும்போது அந்த அறை மதியத்துக்கும் வேண்டும். காலையில் மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு, சாப்பிட்டு, ஒரு மணிக்கு அறைக்குத் திரும்பிக் காலை நீட்டிப் படுத்து, நாலரைக்கு மீண்டும் கிளம்ப முடியுமானால் ஐந்து நாளும் உங்கள் தாயார் மகிழ்ச்சியோடு வருவார். வடக்கே தொலைவிலுள்ள அந்தேரியில் தங்கினால் அது நடக்காது. காலையில் கிளம்பியவர் இரவு வரை வெளியிலேயே இருந்தாக வேண்டும். இரண்டாம் நாளே அவர் “நீங்க போயிட்டு வாங்க, நான் அறையிலேயே இருக்கேன்” என்று சொல்லிவிடுவார். என் பெரியம்மா விஷயத்தில் இதைக் கண்ணாரக் கண்டேன்; இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

2025 அக்டோபருக்கு முன் கேட்டிருந்தால், மேற்கு, மத்திய ரயில் தடங்கள் இரண்டும் சந்திக்கும் தாதர் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். அந்த மாதத்தில் மூன்றாம் மெட்ரோ தடம் ஆரே முதல் கஃப் பரேட் வரை முழுமையாகத் திறக்கப்பட்டது. 33.5 கிலோமீட்டர், 27 நிலையங்கள்; ஆரே தவிர மற்றவை எல்லாம் தரைக்கடியில். லிஃப்டும் நகரும் படிகளும் இருப்பதால் பெரியவர்களுக்கு லோக்கல் ரயிலின் நெரிசலும் மேம்பாலப் படிகளும் என்ற தொல்லை இல்லை. ஹுதாத்மா சௌக்கில் ஏறினால் வண்டி மாறாமல் சித்திவிநாயக் நிலையத்தில் இறங்கலாம். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம். அன்று வரிசை மிக நீளமாக இருக்கும். மகாலட்சுமி என்ற பெயரிலும் ஒரு நிலையம் உண்டு, ஆனால் பெயரை நம்பி இறங்கி நடக்கத் தொடங்கிவிடாதீர்கள். கோயில் அங்கிருந்து நடக்கும் தொலைவில் இல்லை. அதற்கு அறையிலிருந்தே டாக்சியில் செல்வது நல்லது. ஆட்டோவை எதிர்பார்க்க வேண்டாம், பாந்திராவுக்கும் சயானுக்கும் தெற்கே ஆட்டோக்களுக்கு அனுமதியில்லை.

ஃபோர்ட்டில் தங்கினால் அருங்காட்சியகம், ஜஹாங்கீர் கலைக்கூடம், ஓவல் மைதானம், கேட்வே எல்லாமே சிறு டாக்சிப் பயணத்தில் அடங்கிவிடும். 1887-இல் கட்டி முடிக்கப்பட்ட வி.டி. நிலையத்தை இரவு விளக்கொளியில் மகளுக்குக் காட்டுங்கள். எலிஃபெண்டா செல்லும் நாளில் அம்மாவை அழைத்துச் செல்ல வேண்டாம் என்பது என் கருத்து. ஆடும் படகில் ஏறி இறங்க வேண்டும். தீவில் குகை வரை நூறு படிகளுக்கு மேல் ஏற வேண்டும். டோலி கிடைக்கும், ஆனால் எல்லாப் பெரியவர்களும் அதில் அமர விரும்புவதில்லை. அறை அருகிலேயே இருந்தால் அவர் ஓய்வெடுக்கும் வேளையில் நீங்கள் போய்வந்துவிடலாம். திங்கட்கிழமை குகைகள் மூடியிருக்கும்.

மாட்டுங்காவாசி:

செம்பூர் நண்பர் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனாலும் மாட்டுங்காவைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லாதது எனக்குக் குறையாகப் படுகிறது. ஃபோர்ட் அலுவலகங்கள் நிறைந்த இடம். ஞாயிற்றுக்கிழமையும் இரவு ஒன்பதுக்கு மேலும் பல தெருக்கள் வெறிச்சோடிவிடும். இங்கே கிங்ஸ் சர்க்கிளை ஒட்டிய தெருக்களில் காலை ஆறு மணிக்கே வாழையிலைக் கட்டும் கறிவேப்பிலையும் மல்லிகைச் சரமும் கடைக்கு வந்துவிடும். பூக்காரரிடம் தமிழிலேயே முழம் என்ன விலை என்று கேட்கலாம். ஆஸ்திக சமாஜம் கோயிலில் மார்கழிக் காலையில் உங்கள் தாயாருக்கு வெளியூரில் இருக்கும் எண்ணமே வராது. சாப்பாட்டு விஷயத்தில் கூச்சப்படும் பெரியவர்களுக்கு இவை சிறிய ஆறுதல் அல்ல.

அதே நேரத்தில் உண்மையைச் சொல்ல வேண்டும். இங்கே தங்கும் விடுதிகள் குறைவு. மெட்ரோவின் மூன்றாம் தடம் தாதரின் மேற்குப் பக்கத்தோடு போய்விடுகிறது, மாட்டுங்கா கிழக்குக்கு வருவதில்லை. ஆகவே தங்குவது ஃபோர்ட்டில், ஒரு நாள் சில மணி நேரம் இங்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். வி.டி.யிலிருந்து ஸ்லோ லோக்கலில் வர வேண்டும். ஃபாஸ்ட் வண்டி மாட்டுங்காவில் நிற்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்புக்காக மெகா பிளாக் என்று சில மணி நேரம் ரயில்களை நிறுத்துவார்கள் என்பதால் வார நாளில், பத்தரை மணிக்குப் பிறகு வாருங்கள். காலையில் கூட்டம் தெற்கு நோக்கிப் போகும், நீங்கள் எதிர்த்திசையில் வருவதால் உட்கார இடம் கிடைக்கும். எங்கள் நிலையத்தை 2017 முதல் பெண் பணியாளர்களே நடத்துகிறார்கள் என்பதை மகளிடம் சொல்லுங்கள்.

நிலையத்துக்கு எதிரிலேயே உள்ள ராமா நாயக் உடுப்பி போர்டிங்கில் வாழையிலைச் சாப்பாடு மிக நன்றாக இருக்கும். ஆனால் அது முதல் மாடியில் இருக்கிறது. அம்மாவின் முழங்காலை எண்ணி, கீழ்த்தளத்திலேயே உள்ள கஃபே மெட்ராஸில் டிஃபன் சாப்பிடுவதே உசிதம்.

திருச்சிப் பயணி:

சென்ற ஆண்டு என் பெற்றோருடன் தெற்கு மும்பையில் தங்கினேன். பகுதி பற்றி மேலே சொன்னவற்றோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் அறையைப் பதிவு செய்வதில் நான் செய்த தவறை நீங்கள் செய்யக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

இணையத்தில் பார்த்த படங்களில் அறை பளிச்சென்றிருந்தது. “லிஃப்ட் உண்டு” என்றும் போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால், விடுதி என்பது பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி மட்டுமே. லிஃப்ட் இருந்தது, ஆனால் அது தொடங்கும் இடத்துக்கே பன்னிரண்டு மரப்படிகள் ஏற வேண்டியிருந்தது. மரத்தேய்வில் நடுவே குழிந்துபோன படிகள். கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். அப்பா ஒவ்வொரு முறையும் எங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அறையில் சன்னலும் இல்லை. படத்தில் திரைச்சீலை இருந்த இடத்துக்குப் பின்னால் வெறும் சுவர்தான்.

எனவே பணம் கட்டுமுன் விடுதிக்கே தொலைபேசியில் பேசிக் கேளுங்கள். தெருவிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படிகள்? இரவிலும் லிஃப்ட் ஓடுமா? அறையின் சன்னல் தெருவைப் பார்த்ததா, காற்றுக்குழியைப் பார்த்ததா? குளியலறை வாசலில் உயரமான திண்டு உண்டா? “எல்லாம் இருக்கிறது” என்று பொதுவாகச் சொன்னால் விடாதீர்கள். வாசலிலிருந்து அறை வரை நடந்து ஒரு வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நல்ல விடுதிக்காரர்கள் மறுக்காமல் அனுப்புகிறார்கள். டிசம்பர் கடைசி வாரம் என்பதால் வாடகை நாளுக்கு நாள் ஏறும், விரைவில் முடித்துவிடுங்கள்.

கோவைவாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மதிய ஓய்வு என்ற கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. அம்மாவிடம் சொன்னபோது, “அப்ப நானும் எல்லா இடத்துக்கும் வரலாம்” என்றார். அதற்கு மேல் எனக்குக் காரணம் வேண்டியிருக்கவில்லை. ஃபோர்ட் பகுதியில் ஐந்து விடுதிகளுக்குப் பேசினேன். இரண்டு இடங்களில் லிஃப்டுக்கு முன் படிகள் இருப்பதை ஒப்புக்கொண்டார்கள். ஒரு விடுதி வீடியோ அனுப்பியது: தெருவிலிருந்து இரண்டே படிகள், தெருப் பக்கம் சன்னல். அதில் இரண்டு அறைகள் எடுக்க எண்ணியிருக்கிறேன். ஒரே ஒரு கேள்வி மிச்சம். விமானம் காலை 6 மணிக்கு என்பதால், கடைசி இரவை மட்டும் விமான நிலையத்துக்கு அருகில் மாற்றிக்கொள்ளலாமா?

செம்பூர்க்காரன்:

வேண்டாம். ஓர் இரவுக்காகப் பெட்டிகளைக் கட்டி, மாலை நெரிசலில் வடக்கே போவதில் அரை நாள் வீணாகும். உங்கள் நேரத்துக்கு மெட்ரோ தொடங்கியிருக்காது, ஆனால் பின்னிரவு மூன்றரைக்குச் சாலைகள் காலியாக இருப்பதால் டாக்சியில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். முதல் முனையமா இரண்டாம் முனையமா என்பதைப் பயணச்சீட்டில் பார்த்து ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள்; இரண்டும் வெவ்வேறு இடங்கள். பழைய கட்டடங்களில் இரவு வெளிக்கதவைப் பூட்டிவிடும் வழக்கமுண்டு. ஆகவே முந்தின இரவே காவலாளியிடம், மூன்றரைக்குக் கதவைத் திறந்து லிஃப்டையும் இயக்கி வைக்கும்படி சொல்லி வையுங்கள்.