முடிவு தெரிந்த பிறகும் ஒரு துப்பறியும் கதையைப் படிக்க முடிகிறதா?

கேள்வி

எட்டு வயதில் தொற்றிக்கொண்ட வாசிப்புப் பழக்கம் ஐம்பத்திரண்டு வயதிலும் என்னை விடவில்லை. இதுவரை படித்த புனைவுகளில் பாதிக்கு மேல் துப்பறியும் கதைகளே. கடைசி அத்தியாயத்துக்கு வந்ததும், கண் முந்திக்கொண்டு ஓடிக் குற்றவாளியின் பெயரைப் பார்த்துவிடுமோ என்று அஞ்சி, பக்கத்தின் கீழ்ப்பாதியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, ஒரு வரி முடிந்த பின்பே கையை அடுத்த வரிக்கு இறக்குவேன். இன்றும் அப்படித்தான் படிக்கிறேன்.

சில மாதங்களாக ஒரு வருத்தம் இருக்கிறது. பழைய நூல்களை ஆசையோடு எடுத்தால், பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் கொலையாளி யார் என்பது நினைவுக்கு வந்துவிடுகிறது. மேலே படிக்க மனம் வராமல் மூடி வைத்துவிடுகிறேன். இத்தனை ஆண்டுகள் நேசித்த ஒரு வகை ஒருமுறை படிப்பதற்கு மட்டும்தானா? உங்களுக்குப் பிடித்த புனைவு வகை எது, அதை மீண்டும் படிக்க முடிகிறதா என்று சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் பதில்

வணக்கம். நானும் துப்பறியும் கதைகளின் வாசகிதான். என் அனுபவத்தில் இந்த வகையின் முழுச் சுவை இரண்டாம் வாசிப்பில்தான் கிடைக்கிறது. முதல் முறை நாம் துப்பறிவாளரின் பின்னால் ஓடுகிறோம். இரண்டாம் முறை எழுத்தாளரின் கைகளைக் கவனிக்கிறோம்.

எட்கர் ஆலன் போ 1841இல் எழுதிய சிறுகதையிலிருந்து இந்த வகை தொடங்குவதாகச் சொல்வது வழக்கம். ஆனால் வாசகரிடம் நேர்மையாக நடந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது 1920களில். துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929இல் வகுத்த பத்து விதிகளில் ஒன்று, துப்பறிவாளருக்குக் கிடைக்கும் எந்தத் தடயத்தையும் உடனே வாசகருக்கும் காட்டிவிட வேண்டும் என்கிறது. அப்படியானால் விடை நம் கண்ணெதிரே இருந்திருக்கிறது, நாம்தான் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்பதே இரண்டாம் வாசிப்பின் கேள்வி. அகதா கிறிஸ்டி 1926இல் வெளியிட்ட 'ரோஜர் அக்ராய்ட் கொலை' நாவலில் ஆசிரியர் ஏமாற்றிவிட்டார் என்று அன்று பலர் குறைபட்டார்கள். விடை தெரிந்த பிறகு அதைத் திரும்பப் படித்தபோது, நான் பொய் என்று நினைத்த வாக்கியங்கள் யாவும் எழுத்துக்கு எழுத்து உண்மையாக இருப்பதைக் கண்டு வியந்தேன்.

கையில் பென்சிலோடு படித்துப் பாருங்கள். பெரும்பாலும் முக்கியமான தடயம் ஒரு பட்டியலின் நடுவில் கிடக்கும். அல்லது அதைச் சொன்ன மறு வரியிலேயே ஒரு கதவு படாரென்று திறக்கும், யாராவது அலறுவார்கள், நம் கவனம் அங்கே போய்விடும்.

இரண்டாம் பதில்

எனக்குப் பிடித்தது சரித்திர நாவல். அதில் முடிவு தெரிவது ஒரு பொருட்டே இல்லை. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' நூலை எடுக்கும்போதே, அருள்மொழிவர்மர் 985இல் இராசராசனாக அரியணை ஏறியவர் என்பது நமக்குத் தெரியும். இருந்தும் அதை நான்கு முறை படித்திருக்கிறேன். முதல் முறை வந்தியத்தேவனின் குதிரையோடு ஓடினேன். நான்காம் முறை நந்தினி பேசும் இடங்களில் மட்டும் நின்று நின்று படித்தேன்.

உங்கள் கேள்விக்குத் தொடர்புடைய ஒன்றும் அதில் உண்டு. ஆதித்த கரிகாலனின் கொலைதான் கதையின் மையம். ஆனால் கொன்றவர் யார் என்பதைக் கல்கி ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லி முடிக்கவில்லை. விடையை மூடியே வைத்த அந்தக் கொலைக்காகவே நான் திரும்பத் திரும்ப அந்த நூலுக்குப் போகிறேன்.

மூன்றாம் பதில்

நான் சற்று மாறுபடுகிறேன். முதல் வாசிப்பின் திகைப்பு ஒருபோதும் திரும்பி வராது. அதை எதிர்பார்த்துப் புத்தகத்தைத் திறந்தால் ஏமாற்றமே மிஞ்சும். நான் அறிவியல் புனைகதை படிப்பவன். எச். ஜி. வெல்ஸ் 1895இல் வெளியிட்ட 'கால இயந்திரம்' நாவலைப் பதினைந்து வயதில் படித்தபோது, அந்த இயந்திரத்தைத் தவிர வேறெதுவும் மனதில் பதியவில்லை. நாற்பது வயதில் படித்தபோது, மண்ணுக்கு மேலே உழைப்பறியாமல் வாழும் ஓர் இனமும் கீழே இருளில் இயந்திரங்களோடு கிடக்கும் இன்னோர் இனமும் என்னைப் பல நாள் உறங்கவிடவில்லை. ஆகவே உடனே திரும்பப் படிக்காதீர்கள். பத்து, இருபது ஆண்டுகள் போகட்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இருபது ஆண்டுகள் காத்திருக்கப் பொறுமை இல்லாததால், நேற்றிரவே பென்சிலோடு உட்கார்ந்தேன். நான்காம் அத்தியாயத்தில், இறந்தவரின் மேசைமேல் இருந்த ஏழு பொருள்களைச் சொல்லும் ஒரு வாக்கியம் வருகிறது. ஐந்தாவது பொருள்தான் தடயம். கடைசி அத்தியாயத்தை அத்தனை கவனமாகக் கையால் மூடிப் படித்த நான், திறந்தே கிடந்த இந்தப் பக்கத்தை மூன்று முறை கடந்து போயிருக்கிறேன்.