ராம்ஸ்கேட் பயணம் – எங்கடை குடும்பக் குழு

அம்மா: எல்லாரும் பாருங்கோ, தம்பி எசெக்ஸ் பேர்னமிலையிருந்து யொட்டிலை (பாய்ப்படகிலை) கென்ற் ராம்ஸ்கேட் வாறது வாற சனிக்கிழமையே அதுக்கடுத்த கிழமையே, எனக்கு சாப்பாட்டுக்கு ஆக்கள் கணக்கு வேணும்

அண்ணா: வாற சனி. வெள்ளி பறுவம் எல்லோ, விடிய வெளிக்கிட்டா நிலா வெளிச்சமும் இருக்கும் செமையா இருக்கும்

சித்தப்பா: டேய் வாற சனி ஏலாது. பறுவம் எண்டபடியாத்தான் ஏலாது

நான்: ஏன் சித்தப்பா

சித்தப்பா: பறுவத்துக்கு ஒண்டு ரெண்டு நாள் கழிச்சுத்தான் ஸ்பிறிங்ஸ், அப்ப பெருக்கும் கூட வத்தும் கூட, தேம்ஸ் வாயிலை ஸ்பிறிங்ஸ் நாளிலை பெருக்கு வாறது நடுச்சாமமும் மத்தியானமும், அப்பிடியெண்டா நான் இருட்டிலை பேர்னம் இருக்கிற குரௌச் ஆத்தை விட்டு இறங்கி விடியப்புறம் ஆறு மணிக்கு தண்ணி அடிமட்டத்துக்கு வத்தியிருக்கேக்கை மணல்திட்டியளுக்கு நடுவிலை நிக்கோணும். நீப்ஸிலை, அதாவது அரை நிலாவை அண்டி பெருக்கும் வத்தும் குறைஞ்ச நாளிலை, அது மாறி காலமை பெருக்கு, மத்தியானம் வத்து. பகல் முழுக்க கையிலை

அம்மா: தம்பி மப்பிலை பேர்னமும் ராம்ஸ்கேட்டும் எதிரும் புதிருமாத்தானே கிடக்கு, நேர வந்தா என்ன

சித்தப்பா: அண்ணி நேர்கோடு போட்டா முப்பது கடல் மைல்தான். ஆனா அந்தக் கோட்டிலை ஃபௌல்னஸ், பறோ, சங்க், லோங் சாண்ட் எண்டு வரிசையா திட்டி. விரல் விரிச்ச கை மாதிரி எல்லாம் வடகிழக்காலை நீட்டிக்கொண்டு கிடக்கு, கப்பல் எல்லாம் விரல் இடுக்காலை ஏறி இறங்குதுகள், நான் விரலைக் குறுக்கை வெட்டிப் போகோணும். சுத்திப் போக நாப்பது நாப்பத்தைஞ்சு மைல் வரும், எங்கடை போட்டு மணிக்கு அஞ்சு கடல் மைல்தான் ஓடும்

பெரியப்பா: ஃபோர்வேர்ட் பண்ணினது. தேம்ஸ் வாயிலை 1944ஆம் ஆண்டு தாண்ட அமெரிக்கக் கப்பல் ரிச்சர்ட் மொன்ற்கொமரி, இன்னும் 1,400 தொன் வெடிபொருள் உள்ளுக்கை கிடக்காம். அவதானம்!!

சித்தப்பா: பெரியண்ணை அது ஷியர்னஸ் பக்கம், நான் போற வழியிலை இல்லை

பெரியப்பா: எண்டாலும் அவதானம்

அண்ணா: சரி எந்த வழியாலை போறது எண்டு சொல்லுங்கோ, நானும் வாறன் எல்லோ

சித்தப்பா: காலமை பெருக்கோட பேர்னமிலை இருந்து இறங்கி, வத்துற தண்ணி எங்களை விற்றக்கர் வாய்க்காலாலை வெளியிலை தள்ளும். பறோ டீப் எண்ட ஆழமான வாய்க்காலுக்குள்ளை திரும்பேக்கை வத்து முடிஞ்சு தண்ணி நிக்கோணும், ஏனெண்டா அங்காலை தென்மேற்காலை இறங்கோணும், அதுக்கு ஏறுற தண்ணிதான் துணை. பிறகு சங்க் சாண்டின்ரை தென்மேற்கு முனையிலை இருக்கிற இடைவெளியாலை வெட்டி பிளாக் டீப் வாய்க்கால், அங்கையிருந்து பிஷர்மன்ஸ் காட் இடுக்கு, நோர்த் ஃபோர்லண்ட் முனை, ராம்ஸ்கேட். முழுத் திட்டமும் அந்த சங்க் இடைவெளியிலைதான் தொங்குது

சித்தி: அது போன வருசம் இருந்த இடத்திலை இப்ப இல்லையெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்

சித்தப்பா: மணல் எண்டா அப்பிடித்தான் நகரும். அதாலைதான் பழைய சார்ட்டை (கடல் மப்பை) நம்பேலாது, துறைமுக அதிகாரசபை எடுத்த கடைசி அளவை இறக்கி வைச்சிருக்கிறன், மிதவை மாத்தின அறிவித்தலும் பாத்திட்டன்

நான்: இடைவெளியிலை எவ்வளவு தண்ணி இருக்கும்

சித்தப்பா: நல்ல கேள்வி பிள்ளை. சார்ட்டிலை 1 மீற்றர் எண்டு வைப்பம், அது மிச்சம் வத்தின நாளிலை இருக்கிற ஆழம். அதுக்கு மேலை அண்டைக்கு அந்த நேரம் ஏறி நிக்கிற தண்ணி உயரத்தைக் கூட்டோணும். எசெக்ஸ் கரை வோல்ரனுக்குப் போட்ட கணக்கிலை நீப்ஸ் வத்து சராசரி 1.1 மீற்றர், ஸ்பிறிங்ஸ் வத்து வெறும் 0.4. வத்து முடிஞ்சு ஒண்டரை மணித்தியாலத்திலை இன்னும் ஒரு 0.4 ஏறும். ஆக 1 + 1.1 + 0.4 = 2.5. எங்கடை போட்டுக்கு 1.4 வேணும், கீழை 1.1 மிச்சம். அலை அடிச்சா அதிலையும் பாதிதான். ஸ்பிறிங்ஸ் எண்டா அதே வத்திலை 0.7 குறைவு, அலையோட நான் போகமாட்டன்

அண்ணா: தட்டினா?

சித்தப்பா: ஏறுற தண்ணியிலை தட்டினா தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தா தானா மிதக்கும். வத்துற தண்ணியிலை தட்டினா அடுத்த பெருக்கு வரைக்கும் அதிலைதான். அடியிலை கால் மாதிரி ரெண்டு கீல் உள்ள போட்டு எண்டபடியா சரியாது ஆனா அலை இருந்தா இறுகின மணலிலை தூக்கித் தூக்கி குத்தும், அதுதான் பயம். இடைவெளியை எப்பவும் ஏறுற தண்ணியிலைதான் வெட்டுறது, இதிலை பேச்சுக்கு இடமில்லை

பெரியப்பா: ஊரிலை வத்துக்கும் பெருக்குக்கும் ஒரு மீற்றரும் வித்தியாசம் வராது. எங்கடை வல்வெட்டித்துறை ஆக்கள் அன்னபூரணி பாய்க்கப்பலை 1938இலை அமெரிக்காவிலை குளோஸ்டருக்குக் கொண்டு போய்ச் சேர்த்தவை, இவன் எசெக்ஸிலையிருந்து கென்ற் வர கணக்கு படிப்பிக்கிறான்

சித்தப்பா: அவை ஆழ்கடலிலை போனவை பெரியண்ணை. ஆழ்கடலிலை தட்டுறதுக்கு என்ன இருக்கு

அத்தான்: மாமா பிளாக் டீப்பிலை கவனம். லண்டன் கேட்வே துறைமுகத்துக்கு வாற 400 மீற்றர் கப்பல் அதாலைதான் வாறது, உங்களுக்காக விலகவும் ஏலாது நிக்கவும் ஏலாது

சித்தப்பா: ஓம் மருமகன், விஎச்எஃப் றேடியோ 69ஆம் சானலிலை லண்டன் விரிஎஸ் எண்ட கப்பல் போக்குவரத்து நிலையத்தைக் கேட்டுக்கொண்டே வருவன். செங்குத்தா வெட்டி கெதியா மற்றப் பக்கம் போறதுதான்

சித்தி: அந்தக் காத்தாடியளுக்கை போவமெண்டு சொன்னது என்ன மாதிரி, பிள்ளையளுக்கு பாக்க ஆசை

சித்தப்பா: அது லண்டன் அரே எண்ட காத்து மின்சாரப் பண்ணை. லோங் சாண்ட் பக்கம், 175 காத்தாடி. நடுவாலை ஃபோல்ஜர்ஸ் காட் எண்டு வழி இருக்கு ஆனா அது ஹார்விச்சிலை இருந்து வாறவைக்கு தோது, எங்களுக்கு எதிர் நீரோட்டத்திலை ஏறோணும். தூரத்திலை இருந்து பாக்கலாம். திட்டியிலை சீல் படுத்திருந்தாலும் பாக்கலாம்

அம்மா: சரி அப்ப எந்த நாள், அதைச் சொல்லுங்கோவன்

சித்தப்பா: அதுக்கடுத்த சனி. பாங்க் ஹொலிடே வீக்கெண்ட்

பெரியப்பா: எங்கடை அம்மா, பிள்ளையளின்ரை அப்பம்மா, இதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலை இருக்கிறா. அந்தச் சனி அட்டமியாம். ஞாயிறு நவமியாம். அட்டமி நவமியிலை கடலிலை இறங்குறவனை தான் பெறேல்லையாம்

அண்ணா: ஹாஹாஹா

சித்தப்பா: அட்டமியிலைதான் அரை நிலா, அதாலைதானே நீப்ஸ் வருது! பஞ்சாங்கமும் பெருக்கு அட்டவணையும் ஒரே நிலாவைத்தான் பாக்குது

பெரியப்பா: அது உன்ரை பிரச்சினையாம்

நான்: சித்தப்பா ஸ்பிறிங்ஸ் பறுவத்துக்கு ரெண்டு நாள் பிந்தி வருமெண்டா நீப்ஸும் அரை நிலாவுக்கு ரெண்டு நாள் பிந்தித்தானே வரும்? அப்ப திங்கள் தசமி

சித்தப்பா: பொறு பொறு அட்டவணையை எடுக்கிறன்

சித்தப்பா: ஓம் பிள்ளை திங்கள்தான் சரியான நீப்ஸ். சனி பெருக்கு அஞ்சரைக்கு, திங்கள் ஏழரைக்கு, விடியப்புறம் எழும்பத் தேவையில்லை. வத்து ஒண்டரைக்கு, இடைவெளி மூண்டு மணிக்கு, ராம்ஸ்கேட் ஏழு மணி வரும். கடைசியிலை நோர்த் ஃபோர்லண்டிலை நீரோட்டம் எதிர்த்தாலும் நீப்ஸ் எண்டபடியா பலம் இராது. அம்மாட்டை சொல்லுங்கோ தசமி எண்டு

சித்தி: அட்டவணை ஜிஎம்ரி நேரமே? கோடை நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் கூட்டினனீங்களே

சித்தப்பா: கூட்டித்தான் சொன்னனான்

பெரியப்பா: தசமி நல்லதாம். ஆனா திங்கள் ஏழரையிலையிருந்து ஒம்பது வரைக்கும் ராகு காலம். இஞ்சையும் இப்ப சூரியன் ஆறுக்குத்தான் உதிக்குது, அதே கணக்குத்தான் எண்டு சொல்லுறா

சித்தப்பா: ஏழே காலுக்கு கயிறு கழட்டுறன். கால் மணித்தியாலம் ஏறுற தண்ணியை எதிர்த்து எஞ்சினிலை போனா கடவுளே எண்டு போயிடும்

அண்ணா: டீல்

அம்மா: ஏழு மணிக்கு வாறதெண்டா அது மத்தியானச் சாப்பாடு இல்லை இராச்சாப்பாடு, நான் புட்டும் கணவாய்க் கறியும் கொண்டு வாறன், கார் விட ஆர் இடம் பாக்கிறது

அத்தான்: நான் பாக்கிறன் மாமி

சித்தப்பா: ஒண்டு சொல்லிப்போட்டன். காத்து வடமேற்கு இல்லாட்டி மேற்கு, போஃபர்ட் அளவிலை பலம் 3, 4 எண்டா வாறம். தென்மேற்கு 5 எண்டா பறோ டீப்பிலை மூக்கிலையும் அடிக்கும், ஏறுற தண்ணியை எதிர்த்து அலையும் குத்தா எழும்பும், அப்ப கயிறு கழட்டமாட்டன். ஞாயிறு பின்னேர வானிலை கேட்டிட்டுத்தான் முடிவு, ஆரும் வற்புறுத்தக்கூடாது

அம்மா: அப்ப நான் ஞாயிறே வாங்கி வைக்கிற கணவாயை என்ன செய்யிறது

சித்தி: பேர்னமுக்கு கொண்டு வாங்கோ அக்கா, போட்டிலை கட்டினபடியே இருந்து சாப்பிடுவம்